காட்டு நெல்லி அச்சாறு: துவர்ப்பை இறக்கும் பதின்மூன்று நாள்

பதுளையிலிருந்து பசறை, லுணுகலை வழியாகப் பிபிலைக்கு இறங்கும் பாதையில், தேயிலை மலை முடிந்து மானாப்புல் மேடு தொடங்குகிற இடத்திலேயே காட்டு நெல்லியும் தொடங்கிவிடும். பத்தனை என்கிற ஊவாவின் காய்ந்த புல்வெளிக்கு உரிய மரம் அது. கடுக்காய், தான்றி, வேங்கை, நெல்லி என்று நெருப்பு ஏறிப்போன மேட்டிலும் திரும்பத் துளிர்க்கிற மரங்கள் அங்கே சேர்ந்தே நிற்கும். நுவரெலியாக் குளிரில் இதைத் தேடி அலைய வேண்டாம். மேலே இருப்பவர்களுக்குக் கீழேயிருந்து யாராவது ஒரு பை கொண்டுவந்தால்தான் உண்டு.

கடையில் விற்கிற பெரிய நெல்லியும் இதுவும் ஒரே இனந்தான். ஆனால் அச்சாறு என்று வரும்போது இரண்டையும் ஒன்றாக நினைக்கக் கூடாது. காட்டு நெல்லி கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். கொட்டை பெரிது, சதை குறைவு, நார் அதிகம், துவர்ப்பு மிக அதிகம். பெரிய நெல்லிக்குச் சொல்லப்படுகிற செய்முறையை அப்படியே இதற்குப் போட்டால், ஒரு மாதம் கழித்துத் திறந்தாலும் வாயை இறுக்கிப் பிடிக்கும். உடனே கொச்சிக்காயைக் கூட்டுவார்கள், சீனியைக் கூட்டுவார்கள். குறை மசாலாவில் இல்லை. மசாலாவுக்கு முன்னால் உப்புத் தண்ணியில் நடக்க வேண்டிய வேலை நடக்கவில்லை. இந்தப் பதிவின் பெரும்பகுதி அந்த உப்புத் தண்ணியைப் பற்றியதுதான்.

துவர்ப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் இலகு. காயிலுள்ள தனின், எச்சிலிலுள்ள புரதத்தோடு ஒட்டி அதைத் திரளச் செய்கிறது. எச்சிலின் வழுவழுப்பு போனதும் நாக்கும் கன்னத்தின் உட்புறமும் சொரசொரப்பாகிவிடும். கடுஞ்சாயத்தில் வெறுந் தேத்தண்ணி குடித்தால் வருகிற அதே இறுக்கம். பால் விட்டால் அது அடங்குவதற்குக் காரணம், பாலிலுள்ள புரதம் தனினை முதலில் பிடித்துக்கொள்வது. நெல்லிக்குப் பால் விட முடியாது. தனினில் ஒரு பகுதியைத் தண்ணியில் கரைத்து வெளியே எடுக்க வேண்டும், மிச்சத்தை உப்பும் புளிப்பும் காரமும் இனிப்பும் சேர்த்து அமர்த்த வேண்டும். முழுவதையும் எடுத்துவிட்டாலும் பிழை. துவர்ப்பே இல்லாத நெல்லி அச்சாறு வெறும் புளிப்பு.

மரத்தை அடையாளம் தெரியாதவர்களுக்கு: இலை புளியிலைபோலச் சிறிதாக, மெல்லிய ஈர்க்குச்சியின் இருபுறமும் வரிசையாக இருக்கும். பட்டை சாம்பல் நிறத்தில் செதில் செதிலாக உரியும். காய்க்குக் காம்பு இருக்கிறதே தெரியாது, குச்சியோடு ஒட்டியே இருக்கும். வெளிர்பச்சைக் காயில் மேலிருந்து கீழாக ஆறு மெல்லிய கோடுகள். வெயிலுக்கு எதிரே பிடித்தால் தோலுக்கு அடியில் வெளிச்சம் கொஞ்சம் ஊடுருவும். வீட்டு முற்றத்தில் கொத்துக் கொத்தாகக் காய்க்கிற மஞ்சள் அரைநெல்லி வேறு. அது மென்மையானது, இரண்டு நாள் உப்பிலேயே ஊறிவிடும், இங்கே சொல்கிற நாள் கணக்குக்கு அது தாங்காது.

எந்த மாதம் பறிப்பது என்று கேட்டால் மாதத்தைச் சொல்வதைவிடக் காயைப் பார்க்கச் சொல்வதுதான் சரி. உயரமும் மழையும் மாறும்போது பருவமும் தள்ளிப்போகும். பிஞ்சு அடர்பச்சையாக, கோடுகள் தெளிவில்லாமல் இருக்கும். அதில் துவர்ப்பு உச்சத்தில் இருக்கும், சதையும் போதாது. நன்றாகப் பழுத்தது மஞ்சளோ இலேசான செம்மையோ காட்டும். அதில் நார் தடித்திருக்கும், உப்பில் சீக்கிரம் தளரும். நமக்கு வேண்டியது இரண்டுக்கும் நடுவில்: அடர்பச்சை விலகி வெளிர்ந்திருக்க வேண்டும், கோடு ஆறும் தெளிவாகத் தெரிய வேண்டும், நகத்தால் அழுத்தினால் தோல் சத்தத்தோடு உடைய வேண்டும். ஒரு காயைக் கடித்துப் பாருங்கள். கடித்ததும் சதை கொட்டையிலிருந்து சுளையாகக் கழன்றால் பறிக்கலாம். கொட்டையோடு ஒட்டிக்கொண்டு வந்தால் இன்னும் இரண்டு வாரம் பொறுங்கள்.

மரத்தின் கொப்பு இலகுவில் முறியும். ஏறக் கூடாது, கொப்பை வளைத்து இழுக்கவும் கூடாது. கீழே படங்கோ சாக்கோ விரித்துவிட்டு, தொரட்டியால் குச்சியை மெல்ல அசைத்தாலே முற்றிய காய் உதிரும். வெறுந்தரையில் விழுந்ததைச் சேர்க்காதீர்கள். அடிபட்ட இடம் அன்றைக்குத் தெரியாது. மூன்றாம் நாள் உப்புத் தண்ணியில் அந்த இடம் பழுப்பாகி, பத்தாம் நாள் கூழாகிவிடும். ஒரு காய் கூழானால் பக்கத்துக் காய்களையும் தளர்த்திவிடும். மானும் மரையும் தின்கிற காய் இது, மரத்தை மொட்டையாக்க வேண்டாம். ஒதுக்குக் காடுகளுக்குள்ளும் வனசீவராசிகள் திணைக்களத்தின் பகுதிகளுக்குள்ளும் அனுமதியில்லாமல் பறிக்கக் கூடாது. களைகொல்லி அடிக்கிற தேயிலை ஓரத்திலும், மருந்து அடிக்கிற மரக்கறித் தோட்டத்து வேலியோரத்திலும் நிற்கிற மரத்தையும் விட்டுவிடுங்கள்.

இனி பாத்திரம். நெல்லியும் இரும்பும் சேரவே கூடாது. தனினும் இரும்பும் சேர்ந்தால் மை. முற்காலத்தில் எழுதுகிற மையே இப்படித்தான் செய்தார்கள். துருப்பிடித்த கத்தி, ஆணி, இரும்புச் சட்டி, பீங்கான் பூச்சு உடைந்துபோன எனாமல் பாத்திரம் எல்லாமே காயைக் கருநீலமாக்கும். அலுமினியம் வேறு விதத்தில் கெடுதி: நெல்லியின் புளிப்பும் உப்பும் சேர்ந்து அதை அரித்துச் சிறு குழிகளாக்கிவிடும். பீங்கான் சாடி, கண்ணாடிப் போத்தல், உள்ளே மெருகு உடையாத மண்சாடி, உணவுக்குரிய பிளாஸ்டிக் வாளி ஆகியவை சரி. காய்ச்சுகிற வேலைக்கு மட்டும் எவர்சில்வர்.

பாத்திரத்தைக் கவனிப்பவர்களும் தண்ணியை மறந்துவிடுகிறார்கள். பழைய இரும்புக் குழாயில் வருகிற தண்ணியிலும் சில கிணற்றுத் தண்ணியிலும் இரும்பு கரைந்திருக்கும். அந்தத் தண்ணியில் தேத்தண்ணி ஊற்றினால் சாயம் சிவப்பாக இல்லாமல் மைபோலக் கறுத்து வருவதைத் தோட்டத்தில் இருக்கிறவர்கள் பார்த்திருப்பார்கள். நெல்லிக்கும் அதே கதிதான். சோதனை எளிது: ஒரு நெல்லியை நறுக்கி ஒரு கிளாஸ் தண்ணியில் போட்டு இரவு முழுக்க வையுங்கள். காலையில் தண்ணி இலேசாக மங்கியிருந்தால் பாதகமில்லை. சாம்பல் நீலமாக மாறியிருந்தால் அந்தத் தண்ணி வேண்டாம். பீலித் தண்ணியோ வடிகட்டிய தண்ணியோ எடுங்கள்.

உப்பு எந்த ஊருடையதாகவும் இருக்கட்டும், அம்பாந்தோட்டை, புத்தளம், ஆனையிறவு எதுவானாலும் சரி. ஆனால் கல்லுப்பாக இருந்தால் நல்லது. தூளுப்பில் கட்டிபடாமல் இருக்கச் சேர்க்கிற பொருள் தண்ணியைக் கலங்கடிக்கும். காய்க்குக் கெடுதியில்லை, ஆனால் பூஞ்சணம் தொடங்கினால் கலங்கிய தண்ணியில் கண்டுபிடிக்க முடியாது. கல்லுப்பைக் கரைத்தபின் ஒரு துணியில் வடித்துவிடுங்கள், அடியில் மண் நிற்கும். கரண்டிக் கணக்கில் அளக்க வேண்டாம். ஒரே கரண்டியில் தூளுப்பும் கல்லுப்பும் ஒரே எடை நிற்காது. தராசு இல்லையென்றால் கடையிலேயே 150 கிராமாக நிறுத்துத் தரச் சொல்லுங்கள்.

ஒரு கிலோ காய்க்கு அளவு சொல்கிறேன். கழுவி, அடிபட்டதையும் புழு துளைத்ததையும் நீக்கி, துணியில் ஒற்றி ஈரம் போன பிறகு நிறுத்தது ஒரு கிலோ.

முதலில் குத்துவது. நெல்லியின் தோலில் மெழுகுபோன்ற பூச்சு உண்டு. முழுக்காயை அப்படியே போட்டால் உப்புத் தண்ணி வாரக்கணக்கில் வெளியிலேயே நிற்கும். எவர்சில்வர் முள்ளுக்கரண்டி, மூங்கில் சிம்பு, தேசிமுள் மூன்றும் உதவும். குத்து கொட்டையில் முட்ட வேண்டும். கோட்டின்மேல் குத்தாதீர்கள், கோட்டில் குத்தினால் ஊறியதும் அந்த வழியே பிளந்து சுளை சுளையாகப் பிரிந்துவிடும். இரண்டு கோட்டுக்கு நடுவிலுள்ள மேட்டில் ஒவ்வொன்று, ஆக ஆறு குத்து. குத்திய இடத்தில் சிறு துளியாகச் சாறு எட்டிப் பார்க்கும், அது வந்தால் ஆழம் போதும். குத்தியதைக் காற்றில் வைத்திருக்காமல் உடனே தண்ணிக்குள் போடுங்கள். தாமதித்தால் துளையைச் சுற்றிப் பழுப்பு வளையம் விழும்.

முதல் உப்புத் தண்ணி மெல்லியது: ஒரு லீற்றர் தண்ணிக்கு 60 கிராம். கொதிக்கவைத்து முழுக்க ஆறியது. காயைப் போட்டு, மேலே மிதக்காமல் ஒரு பீங்கான் தட்டை வைத்து அமுக்குங்கள். தட்டின்மேல் கழுவிய ஆற்றுக்கல்லோ தண்ணி நிரப்பிய கண்ணாடிப் போத்தலோ வைக்கலாம். மூன்று நாள். தினமும் ஒரு தடவை சாடியை மெல்லச் சுழற்றிவிட்டால் போதும். மூன்றாம் நாள் தண்ணி வெளிர்மஞ்சளாகி, விரலில் தொட்டு நாக்கில் வைத்தால் வாயை இறுக்கும். காயிலிருந்து இறங்கிய துவர்ப்பு அதில் நிற்கிறது. அந்தத் தண்ணியை முழுக்கக் கொட்டிவிடுங்கள். அதோடு கொஞ்சம் சத்தும் போகும் என்பது உண்மைதான். அதை நினைத்து இந்தத் தண்ணியையே திரும்பப் பாவிப்பவர்கள் இருக்கிறார்கள், அப்படிச் செய்தால் இறக்கிய துவர்ப்பைத் திரும்ப ஏற்றுவதாக முடியும்.

ஏன் முதலிலேயே கடும் உப்பில் போடக் கூடாது? உப்பு திடீரென்று அதிகமானால் தோலை ஒட்டிய சதையிலுள்ள தண்ணி வேகமாக வெளியேறி, மேற்சதை சுருங்கி இறுகிவிடும். உள்ளேயிருக்கிற தனினுக்கு வெளியே வர வழி அடைபடும். வெளியே சுருக்கம், உள்ளே பச்சைத் துவர்ப்பு. காட்டு நெல்லி அச்சாறு கல்லுப்போலக் கிடக்கிறது என்று சொல்கிற பலருக்கும் பிழைத்தது இந்த இடத்தில்தான்.

இரண்டாவது தண்ணி: ஒரு லீற்றருக்கு 150 கிராம் உப்பு, அரைத் தேக்கரண்டி மஞ்சள். இதையும் காய்ச்சி ஆறவைத்துத்தான் ஊற்ற வேண்டும், ஊற்றிப் பத்து நாள். சூட்டோடு ஊற்றினால் காய் அரை அவியலாகித் தோல் கழலும். இந்த அளவில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு லீற்றரில் 150 கிராம் என்றால் பார்வைக்குப் பதின்மூன்று வீத உப்புத் தண்ணி. ஆனால் ஒரு கிலோ காயிலும் முக்கால்வாசிக்கு மேல் தண்ணிதான். பத்து நாளில் அந்தத் தண்ணியும் இந்தத் தண்ணியும் சமப்பட்டுவிடும். முதல் தண்ணியில் காய் ஏற்கெனவே எடுத்த உப்பையும் சேர்த்தால், கடைசியில் எல்லாமாக எட்டு வீதத்துக்குக் கிட்ட நிற்கும். ஒரு லீற்றருக்கு 100 கிராம் மட்டும் போட்டு, பத்து வீதம் போட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்களின் சாடியில் உண்மையில் நிற்பது ஐந்து, ஆறு வீதந்தான். குளிர்காலத்தில் அது தாங்கும். வெயில் காலத்தில் பதுளைச் சூட்டில் தாங்காது.

ஊரில் முட்டை போட்டுப் பார்ப்பார்கள். நல்ல முட்டை மிதந்தால் உப்புத் தண்ணி பத்துப் பன்னிரண்டு வீதத்துக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். ஊற்றுவதற்கு முன் பார்க்க அது நல்ல சோதனை. காய் போட்ட பிறகு அதே சோதனை பொருந்தாது, மேலே சொன்ன கணக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பத்து நாள் என்பது பதுளை, பசறை உயரத்துக்குச் சொல்வது. பண்டாரவளையில் பன்னிரண்டு நாள் விடுங்கள். நுவரெலியாவில் முதல் தண்ணிக்கு ஐந்து நாளும் இரண்டாவதற்குப் பதினான்கு நாளும் பிடிக்கும், அங்கே அடுப்படி மூலையிலும் குளிர்தான். நாளைவிடக் காயின் நிறம் நம்பகமானது. பச்சை முழுக்கப் போய், பழைய ஒலிவ் எண்ணெயின் நிறத்துக்கு வந்து, சதை கண்ணாடிபோலத் தெளிந்திருக்க வேண்டும். ஒன்றை நறுக்கிப் பாருங்கள். கொட்டையைச் சுற்றி வெள்ளையான, தெளியாத ஒரு வளையம் தெரிந்தால் உப்பு அங்கே இன்னும் போகவில்லை. இன்னும் மூன்று நாள்.

இந்த நாட்களில் சாடிக்குள் நடப்பதைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் அதிகம், பயப்பட வேண்டியதைப் பார்த்துப் பயப்படாதவர்களும் உண்டு. தண்ணிமேல் வெள்ளையாக, தட்டையாக, சுருங்கிய பால் ஆடைபோல ஒன்று படர்ந்தால் அது ஒருவகை மதுவம் (ஈஸ்ட்). கரண்டியால் வழித்து எடுத்துவிட்டு, அமுக்குக் கல்லையும் தட்டையும் கொதிதண்ணியில் கழுவித் திரும்ப வையுங்கள். அப்படியே விட்டால் புளிப்பைத் தின்றுவிடும், மேலேயுள்ள காய் தளரும். பஞ்சுபோல உயர்ந்து, பச்சை, கறுப்பு, ரோஸ் நிறம் காட்டினால் அது பூஞ்சணம். மேலே உள்ளதை மட்டும் எடுத்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள், அதன் வேர் கண்ணுக்குத் தெரியாமல் கீழே இறங்கியிருக்கும். அந்தச் சாடியை முழுக்கக் கொட்டத்தான் வேண்டும். சின்னக் குமிழிகள், இலேசான புளித்த வாசனை இரண்டும் நல்லவை. முட்டை அழுகிய வாசனை வந்தால் யோசிக்கவே வேண்டாம், வெளியே ஊற்றுங்கள்.

இத்தோடு நிறுத்திக்கொண்டால் உப்பு நெல்லி கையில். அந்தத் தண்ணியோடேயே போத்தலில் போட்டு, கீறின பச்சைக் கொச்சிக்காய் நாலைந்து சேர்த்து வைத்தால் பழஞ்சோற்றுக்கு அதுவே போதும். அச்சாறு வேண்டுமென்றால் இன்னும் ஒரு வெயில் வேண்டும்.

தண்ணியை வடித்து, காயைச் சுளகில் ஒரே அடுக்காகப் பரப்புங்கள். இலையான் படாமல் மெல்லிய துணி. நல்ல வெயிலென்றால் ஒரு நாள், மங்கிய வெயிலென்றால் இரண்டு நாள். தோல் சுருங்கி, நிறம் தேன் பழுப்புக்கு வந்து, இரண்டு விரலால் அமுக்கினால் உள்ளே இன்னும் கொஞ்சம் சதை அசைய வேண்டும். வடித்த ஒரு கிலோ 700 கிராமுக்கு வந்தால் நிறுத்துங்கள். அதற்கு மேல் காய்ந்தால் தோல்போல இழுபடும், வினாகிரியில் எத்தனை மாதம் கிடந்தாலும் திரும்பாது. அந்திக்கு முன் உள்ளே எடுத்துவிட வேண்டும். ஊவாவின் இரவுப் பனி ஒரு நாள் வெயிலைத் திரும்பக் குடித்துவிடும்.

வடகீழ்ப் பருவ மழை பிடித்துக்கொண்டு, வெயிலே இல்லாமல் மிஸ்ட் இறங்கி நிற்கிற வாரங்களும் உண்டு. அப்போது பாதி காய்ந்ததை வெளியே வைத்துக் காத்திருப்பது ஆபத்து. அடுப்புக்கு மேலே பரண் இருந்தால் சுளகை அதில் வைக்கலாம், மெல்லிய புகைவாசம் ஏறும், எனக்கு அது கடுகோடு சேரும்போது பிடிக்கும். பரணும் இல்லையென்றால் காயவைப்பதையே விட்டுவிட்டு வினாகிரியைக் கூட்டுங்கள். காயாத காயில் நிற்கிற தண்ணி வினாகிரியை இளக்கிவிடும் என்பதால் 500 மில்லிலீற்றருக்குப் பதில் 750. சதை அவ்வளவு இறுக்கமாக வராது, ஆனால் கெடாது.

மசாலாவின் அளவு இது: தென்னங்கள் வினாகிரி 500 மில்லிலீற்றர், கடுகு 40 கிராம், கொச்சிக்காய்த் தூள் 20 கிராம், இஞ்சி 30 கிராம், வெள்ளைப்பூடு 30 கிராம், மிளகு ஒரு தேக்கரண்டி, விரல் நீளக் கறுவா ஒன்று, கராம்பு ஐந்து, கித்துள் கருப்பட்டி 80 கிராம். உப்பு போட வேண்டாம், காயில் இருப்பதே போதும். செயற்கை வினாகிரியும் பாவிக்கலாம், நாக்கில் ஒற்றைக் கூர்மையாகத் தெரியும், தென்னங்கள் வினாகிரியின் சுற்றி வருகிற புளிப்பு அதில் கிடைக்காது. எதுவானாலும் அசற்றிக் அமிலம் 4 வீதத்துக்குக் குறையக் கூடாது. தண்ணி கலக்கக் கூடாது. அளவு தெரியாத, சில்லறையாக ஊற்றித் தருகிற வினாகிரி இந்த வேலைக்கு ஆகாது.

கடுகை 100 மில்லிலீற்றர் வினாகிரியில் இரவு ஊறவைத்து, மறுநாள் அதே வினாகிரியோடு அம்மியில் அரையுங்கள். கடுகின் காரம் கடுகு உடைகிற நேரத்தில்தான் உருவாகிறது. தண்ணி விட்டு அரைத்தால் பத்து நிமிடத்தில் மூக்கைத் தூக்கும், சில நாளிலேயே அடங்கியும்விடும். வினாகிரியில் அரைத்தால் காரம் மெதுவாக வரும், வந்தது நிற்கும். அரைத்த அன்றைக்கு நாக்கில் வைத்தால் கசக்கும். பிழைத்துவிட்டது என்று நினைத்துச் சீனியைக் கொட்டாதீர்கள், இரண்டு வாரத்தில் கசப்பு இறங்கிவிடும். அரைத்த கடுகை அடுப்பில் காட்டக் கூடாது. சூடு பட்டால் காரம் செத்து கசப்பு மட்டும் மிஞ்சும்.

மிச்ச 400 மில்லிலீற்றர் வினாகிரியில் கறுவா, கராம்பு, மிளகு, கருப்பட்டி போட்டு மூடிவைத்து, கொதி வந்ததிலிருந்து ஐந்து நிமிடம் சிறு தணலில் வையுங்கள். மூடியைத் திறந்து நெடுநேரம் கொதிக்கவிட்டால் புளிப்பு ஆவியோடு போய்விடும், பாதுகாப்பும் போய்விடும். இறக்கி, கருப்பட்டிக் கசண்டு நிற்காமல் வடித்து, கையில் சூடு தெரியாத அளவுக்கு ஆறவிடுங்கள். நசுக்கிய இஞ்சி, வெள்ளைப்பூடு, கொச்சிக்காய்த் தூள், அரைத்த கடுகு எல்லாவற்றையும் ஆறிய வினாகிரியில் கலந்து, காயையும் போட்டுப் பிரட்டி ஒரு மணிநேரம் மூடி வையுங்கள். சின்ன வெங்காயமும் கரட்டும் பேரீச்சம்பழமும் போடுவது மலே அச்சாற்றின் வழி. அது அருமையான பண்டந்தான், ஆனால் கல்யாண வீட்டுச் சோற்றுக்கு ஒரு வாரத்தில் தீர்ப்பதற்கு. மாதக்கணக்கில் வைக்கிற நெல்லியில் பச்சை மரக்கறி சேர்த்தால் அது விடுகிற தண்ணி எல்லாக் கணக்கையும் குலைத்துவிடும்.

போத்தல். மலைநாட்டில் இருக்கிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: உயரம் ஏற ஏறத் தண்ணி குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். கொழும்பில் 100 பாகையில் கொதிக்கிற தண்ணி, சுமார் 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் 94 பாகைக்குக் கிட்டவே கொதிக்கும். ஆகவே போத்தலை அவிக்கிற நேரத்தைக் கூட்ட வேண்டும். கடல்மட்டத்தில் பத்து நிமிடம், ஒவ்வொரு 300 மீற்றருக்கும் ஒரு நிமிடம் கூட. பதுளையில் பதின்மூன்று, பண்டாரவளையிலும் அட்டனிலும் பதினான்கு, நுவரெலியாவில் பதினாறு, பதினேழு நிமிடம். பிறகு துணியால் துடைக்காமல் கவிழ்த்துக் காயவிடுங்கள். தகர மூடி உப்பும் வினாகிரியும் பட்டால் துருப்பிடிக்கும், அந்தத் துரு உதிர்ந்தால் மேலடுக்கு நெல்லி மைபோலாகும். பிளாஸ்டிக் மூடி உள்ள போத்தலாகப் பாருங்கள். இல்லையென்றால் வாயில் தடித்த பொலித்தீன் தாளை இரண்டாக மடித்து வைத்து மூடுங்கள்.

கழுத்துக்கு ஒரு விரற்கடை கீழ்வரை நிரப்பி, மூங்கில் குச்சியை விளிம்போடு விட்டு அசைத்தால் காய்களுக்கு நடுவில் பிடித்திருக்கிற காற்று மேலே வரும். காற்று போனதும் மட்டம் இறங்கும், திரும்ப வினாகிரி விடுங்கள். ஒரு காய்கூட வெளியே தலை நீட்டக் கூடாது. முதல் வாரம் காய் வினாகிரியைக் குடிக்கும், எட்டாம் நாள் திறந்து பார்த்துக் குறைந்ததை நிரப்ப வேண்டும். அதற்கென்று 100 மில்லிலீற்றர் தனியாக வைத்திருங்கள்.

வெள்ளைப்பூடு சில நாளில் பச்சையாகவோ நீலமாகவோ மாறலாம். பலர் இதைக் கண்டு போத்தலையே வீசிவிடுகிறார்கள். புளிப்பு பட்டதும் பூட்டிலுள்ள கந்தகச் சேர்மங்கள் செய்கிற நிறம் அது, சாப்பிடக் கெடுதியில்லை. நெல்லியே கருநீலமானால்தான் இரும்பைத் தேட வேண்டும். மூடியைத் திறக்கும்போது காற்றுச் சீறி நுரை வந்தால், கருப்பட்டி கூடிப்போயிருக்கிறது அல்லது வினாகிரி இளகிவிட்டது, உள்ளே நொதிக்கத் தொடங்கியிருக்கிறது. இப்படி நொதித்ததைத் திருத்த முயற்சிக்க வேண்டாம். காய் தளர்ந்திருந்தால் அடிபட்ட காய் சேர்ந்திருக்கும் அல்லது இரண்டாவது தண்ணியில் உப்பு போதாமல் இருந்திருக்கும். காய் முறுகலாக நிற்கட்டும் என்று சுண்ணாம்புத் தண்ணியில் ஊறவைக்கச் சொல்பவர்கள் உண்டு. சுண்ணாம்பு நெல்லியின் புளிப்பைக் குறைக்கும், அச்சாற்றைக் காப்பதே அந்தப் புளிப்புத்தான். நல்ல காயும் சரியான உப்பும் இருந்தால் முறுகலுக்கு வேறொன்றும் வேண்டியதில்லை.

எண்ணெய் ஊறுகாய் கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: குத்தி, முதல் உப்புத் தண்ணியில் மூன்று நாள் வைத்து வடித்த காயை ஆவியில் பத்து நிமிடம் வேகவைத்தால் கோட்டு வழியே சுளை விரியும். கொட்டையை எடுத்துவிட்டு, 120 கிராம் உப்பு, 70 கிராம் கொச்சிக்காய்த் தூள், வறுத்துப் பொடித்த வெந்தயம் ஒரு மேசைக்கரண்டி, பெருங்காயம், 250 மில்லிலீற்றர் நல்லெண்ணெய். எண்ணெய் மேலே அரை விரல் நிற்க வேண்டும். காட்டு நெல்லியில் கொட்டை போனால் மிஞ்சுகிற சதை கொஞ்சந்தான், அதனால் பெரிய நெல்லிக்குத்தான் இந்த வழி பொருத்தம் என்பது என் எண்ணம்.

வினாகிரி அச்சாற்றை நாலாவது வாரத்தில் தொடலாம். இரண்டாம் மூன்றாம் மாதத்தில்தான் கடுகும் துவர்ப்பும் ஒன்றாகிச் சரியான இடத்துக்கு வரும். இருட்டான, குளிர்ந்த இடத்தில் ஒரு வருடம் நிற்கும், ஈரக் கரண்டி மட்டும் படக் கூடாது. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஒரு காயோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், உப்பு அதிகமுள்ள பண்டம். கோதுமை ரொட்டிக்கும் பருப்புக்கும் நடுவில் இரண்டு காய் வைத்தால் வேறு கறி தேவைப்படாது. காயெல்லாம் முடிந்த பிறகு போத்தலடியில் நிற்கிற கடுகு வினாகிரியைக் கழுவி ஊற்றிவிடாதீர்கள். கருவாட்டுக் குழம்பு இறக்குவதற்குச் சற்று முன் அதில் இரண்டு மேசைக்கரண்டி விடுங்கள், புளியைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு.